அலமாரி நிற்கும் சுவர்

மண்ணூரில் எங்கள் வீட்டுப் புத்தக அறையில் நாங்கள் நால்வர் இருக்கிறோம்: பரசுராமன் என்கிற நான், என் மனைவி அம்சவல்லி, மகன் ராஜசேகர், அவனோடு கம்பெனியில் ஒரே லைனில் வேலை செய்யும் தென்காசிக்காரன் மாசானம். ஜன்னல் வழியே மாலை வெயில் அலமாரிக் கண்ணாடியில் விழுகிறது. வெளியே ஷிப்ட் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. மாசானம் மாதிரிக்குக் கொண்டுவந்த மின்நூல் கருவி என் உள்ளங்கையில் எடையே இல்லாமல் இருக்கிறது. மகன் குனிந்து, அதில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறான். "லைட் இல்லாத மாடலு ரெண்டாயிரம் கம்மிதான்பா. ஆனா சாயந்தரம் ஆச்சுன்னா அதுல இன்னா படிப்ப? லைட் கீறதே வாங்கிக்கலாம். பத்து வருசம் உழைக்கும். காசுக்கு ஏத்த பொருள் இதான்." என் கண்ணுக்காக இவ்வளவு யோசிக்கிறானே என்று எனக்குப் பெருமையாக இருக்கிறது. மாசானம் அலமாரியை அண்ணாந்து பார்த்துவிட்டு ராஜசேகரிடம் சொல்கிறான். "இத எடுத்துட்டா ரெண்டடுக்குக் கட்டிலு ரெண்டு தாராளமா போடலாம்ணே. எங்க ஊர்ப் பயலுவ நாலு பேரும் ஒண்ணாந்தேதி வாடகைக்கு வந்துருவானுவ."

ராஜசேகர் தரையைப் பார்க்கிறான். அம்சவல்லி முந்தானை நுனியைத் திருகுகிறாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கருவியின் வெளிச்சம் தானாகவே அணைகிறது. வெளியாள் முன்னால் மகனைக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. கருவியை மாசானத்திடம் நீட்டுகிறேன். "காபி சாப்ட்டுட்டுப் போப்பா. ரூமு வேற எடத்துல பாத்துக்க."

பரசுராமன் மிஷின் வாங்கிக்கொண்டு புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. மிஷின் வாங்கவில்லை. அலமாரி அதே சுவரோரம்தான் நிற்கிறது.