அமைச்சர் சொன்ன பதில்

ஜேர்மனிய மாநிலப் பாராளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில், இடுப்பு வலி தாங்காமல் கிறிஸ்ரியன் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறார். அகதி என்பதற்காக இவருக்கு அறுவைச் சிகிச்சையை மறுக்கலாமா என்று கீழே எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் கேட்கிறார். அந்த உறுப்பினரைத் தேடிப் போய் இதைக் கேட்கச் சொன்னவள், பக்கத்தில் இருக்கும் கிறிஸ்ரியனின் மனைவி டெல்சி. கண்ணாடிக் கூரை வழியே விழும் வெயிலில் அமைச்சரின் வழுக்கை மினுங்குகிறது. அவர் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். கேள்வி கேட்டவர் திகைத்துப்போய் மாடத்தை அண்ணாந்து பார்க்கிறார். டொச் மொழி விளங்காத கிறிஸ்ரியன் அவருக்குச் சிரித்தபடி கையசைக்கிறார்.

“என்னவாம் டெல்சி? ஓமெண்டிட்டாரோ?”

அசையும் அந்தக் கையை டெல்சி எட்டிப் பிடித்து மடியில் இறக்குகிறாள்.

“இஞ்சேருங்கோ, எங்கட நாட்டிலை இப்ப சண்டை இல்லையாம். வாற மாசம் எங்களைத் திருப்பி அனுப்பப் போகினமாம். அதாலை ஒப்பரேசன் தேவையில்லையாம்.”