துணைக்கு ஒருவர்

துவைக்கப் போடுமுன் கணவரின் சட்டைப் பையைத் துழாவிய ரேணுகாவின் கையில், நாலாக மடித்த ஒரு தாள் வந்தது. அவளுடையது அல்லாத ஒரு மார்பைப் பற்றி அதில் எழுதியிருந்தது.

‘மார்பகத் திசுப் பரிசோதனைக்கு வருபவர்கள் கவனத்துக்கு’ என்று, காரைக்குடி ஆஸ்பத்திரி ஒன்றின் பெயருக்குக் கீழே தலைப்பு. முதலில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். திசு எடுக்கும்போது ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் டக்கென்று சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். சந்தேகம் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. முடிவு வர ஒரு வாரம் ஆகலாம். அன்றைக்குப் பவுடர், சென்ட் பூசக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்.

ஓரத்தில் பேனாவால் கிறுக்கியிருந்தது: மேமோகிராமில் இடப்பக்கம் சந்தேகம். வியாழன், பத்து மணி.

ரேணுகா துணிக்குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். யாருக்கு என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கணவர் பாண்டிமுருகனின் உரக்கடையில் பில் போட ஆறு மாதம் முன்பு சேர்ந்த சிவரஞ்சனியின் முகம் தானாக வந்து நின்றது. பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. மறுநொடியே அந்த நோயின் மீதுகூடப் பொறாமை வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ரேணுகாவுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். கடையை யார் பார்ப்பது என்று சொல்லிவிட்டுப் போன பாண்டிமுருகன், எல்லாம் முடிந்து சாயங்காலம்தான் வந்தார். கையில் கால் கிலோ திராட்சை. துணைக்கு ஒருவராம்.

இப்போதுதான் போன மாதத்துக் கோயில் விஷயமும் விளங்கியது. குலதெய்வத்துக்குப் படைப்புப் போடும்போது, முதல் மாலை வாங்கும் ஆண் சட்டையைக் கழற்றிவிட்டு வெற்றுடம்போடு நிற்க வேண்டும். இந்த வருடம் அது பாண்டிமுருகனின் முறை. ஆனால் மேலுக்குச் சரியில்லை என்று தம்பி அருள்பாண்டியை முன்னே அனுப்பிவிட்டு, சட்டையோடு வாசலிலேயே நின்றுகொண்டார். மனசில் இன்னொருத்தியை வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் எப்படி நிற்பார் என்று இப்போது நினைத்துக்கொண்டாள்.

தாளைப் பழையபடி மடித்து, மறுநாள் போடும் சட்டையின் பையில் வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்த பாண்டிமுருகன், தினமும் கழுத்திலும் மார்பிலும் கொட்டிக்கொள்ளும் பவுடர் டப்பாவைத் தொடவே இல்லை. அவள் போடக் கூடாதென்றால் இவருமா போடக் கூடாது? அவ்வளவு ஒட்டுதலா?

கல்லலுக்கு லோடு இறக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பியதும் கடைக்குப் போன் செய்தாள். மூட்டை தூக்கும் இராமுதான் எடுத்தார். அண்ணன் வரவில்லை, சிவரஞ்சனியும் ஏதோ கல்யாணம் என்று லீவு போட்டிருக்கிறது என்றார்.

அமராவதிபுதூரிலிருந்து காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் வந்து சேரும்வரை ரேணுகாவுக்கு வெயிலே உறைக்கவில்லை.

மாடியில் திசுப் பரிசோதனை அறைக்கு வெளியே நாலு பெண்கள் காத்திருந்தார்கள். கடைசி நாற்காலியில், கண்டிப்பான வாத்தியாரின் வகுப்பில் உட்கார்ந்திருப்பவரைப்போல, பாண்டிமுருகன். பக்கத்து நாற்காலியில் யாருக்கோ இடம் பிடித்ததுபோல் தன் பையை வைத்திருந்தார்.

“லோடு எறக்கியாச்சாக்கும்?”

அவர் நிமிர்ந்தார். முகம் வெளுத்துப்போனது. “ரேணு, நீ எப்பிடி இங்குட்டு வந்த?”

“அவ எங்க? உள்ள போயிட்டாளா?”

“எவ?”

“எனக்குக் கல்லு எடுத்தப்பக் கடையப் பூட்டிட்டுச் சாயங்காலம்தான வந்தீக. இன்னைக்கு மட்டும் கடைய யாரு பாக்குறா?”

அவருடைய விரல்கள் சட்டையின் மேல் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தன. நாலு பெண்களும் செல்போனைப் பார்ப்பதுபோல் இவர்களையே பார்த்தார்கள்.

“மெதுவாப் பேசும்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “வெளிய தெரிஞ்சா கடைத்தெருவே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நல்லாச் சிரிக்கட்டும்.”

ரேணுகா அந்தப் பையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, காலியான நாற்காலியில் உட்கார்ந்தாள். வருகிறவள் தன்னைத் தாண்டித்தான் அந்தக் கதவுக்குள் போக வேண்டும். என்ன கேட்பது என்பதை ஆட்டோவிலேயே வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்திருந்தாள்.

கதவு திறந்தது. கையில் ஃபைலோடு வந்த நர்ஸ், வரிசையில் இருந்த நாலு பெண்களையும் ஒவ்வொருவராகக் கடந்து, கடைசி நாற்காலிக்கு வந்து நின்றார்.

“பாண்டிமுருகன் சார், சட்டையக் கழட்டிட்டு வந்து படுங்க. துணைக்கு வந்தவுக இவுகதான?”