வெளிச்சம் அதிகம்

பாஸ்போர்ட் அலுவலகத்தில் கணினி அவருடைய படத்தை மூன்றாம் முறையாகத் தள்ளியது. இன்று விண்ணப்பம் ஏறாவிட்டால், வெளிநாட்டில் மகளின் பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியாது.

“நெத்தியில வெளிச்சம் அதிகமாம் சார்,” என்றாள் படம் எடுத்த பெண்.

“வெளிச்சம் இல்லம்மா, வழுக்கை,” என்றாள் மனைவி. “மூக்கு, முழி எதையும் பார்க்காதா உங்க மிஷின்?”

“எல்லாத்தையும் பார்த்தா நேரமாகுமாம் மேடம். மேல மட்டும் பார்க்கும். பளபளன்னு இருந்தா அப்பவே தள்ளிடும். நிமிஷத்துக்கு ஆயிரம் படம் பார்க்குதே!”

“பார்த்துக் கிழிச்சுது!”

அவர் மனைவியின் கைப்பையிலிருந்து பவுடரை எடுத்தார். நெற்றியிலிருந்து உச்சிவரை பூசிக்கொண்டு, மாவு மூட்டையில் விழுந்த எலி மாதிரி உட்கார்ந்தார். நான்காவது படத்தைக் கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

வெளியே வந்தும் மனைவிக்கு ஆறவில்லை.

“உங்களுக்கு இருக்கிற மூளையில கால்வாசி அந்த புரோகிராமை எழுதினவனுக்கு இல்லையே! அவன் தலையும் ஒரு நாள் இப்படிச் சொட்டையாகணும். அப்பத்தான் புத்தி வரும்.”

“ஆயிடுச்சு,” என்றார் அவர், பவுடரைத் துடைத்தபடி. “அதை எழுதும்போது எனக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு.”