வாடை தின்னும் அலமாரி

அந்த அலமாரியைத் தேர்ந்தெடுத்தது தானா, மரகதமா என்பது தணிகைவேலுக்குச் சரியாக நினைவில்லை. கடையில் அவள் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. நிறைமாத வயிற்றோடு ஒவ்வொரு தொட்டிலையும் அலமாரியையும் முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பிறக்கப்போகும் குழந்தையின் அறையில் வார்னிஷ் நெடியோ பசை நெடியோ இருக்கக் கூடாதாம்.

"இது மூங்கில் மேடம். தானும் நாறாது, உள்ள வைக்கிறதையும் நாற விடாது. எந்த வாடையையும் தின்னுரும்," என்றார் கடைக்காரர்.

"அப்ப இவரையும் உள்ள வச்சுப் பூட்டிரலாம்ங்க," என்றாள் மரகதம்.

பிரசவத்தில் அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவிழ்த்துப் போட்ட சேலையைத் தணிகைவேல் யாரையும் துவைக்கவிடவில்லை. வீட்டிலேயே பத்திரமான இடம் என்று குழந்தையின் அலமாரியில் மடித்து வைத்தான்.

குழந்தை யார் கையிலும் தூங்கவில்லை. அவனுடைய அக்கா செண்பகம் தோளில் போட்டு நடந்து நடந்து ஓய்ந்துபோனாள்.

"டேய், அவ சேலையை எடுத்துத் தூளி கட்டுடா. அம்மா வாசம் பட்டா புள்ள கண்ணு மூடும்."

அவன் சேலையை எடுத்து, முந்தானையை முகத்தில் அழுத்தி மூச்சை இழுத்தான். மறுபடி இழுத்தான். மடிப்பு மடிப்பாகப் பிரித்து முகர்ந்தான். அவள் பூசும் மஞ்சள் இல்லை, வியர்வை இல்லை. தண்ணீரை முகர்ந்தது போல இருந்தது.

"என்னடா?"

அவன் தூளியைக் கட்டினான். குழந்தை அதிலும் அழுதது.

பிறகு செண்பகம் ஊருக்குத் திரும்பினாள். மகள் தானாகத் தூங்கப் பழகி, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அலமாரியைத் தணிகைவேல் விற்கவில்லை. அதன் கதவை மட்டும் யாரையும் மூடவிடுவதில்லை.