எடுத்தவர் பேரில்

பில் போட ஆளில்லாத அந்தக் கடையில், எடுத்த பொருள் எடுத்தவர் பேரில் ஏறிவிடும். திரும்ப அலமாரித் தட்டில் வைத்தால் கழிந்துவிடும்.

அரிசி மூட்டையைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பூரணி இடுப்பிலிருந்த பிள்ளையைக் கீழ்த்தட்டில் உட்கார வைத்தாள். அது வீறிட்டது.

"அச்சச்சோ, யாரு அடிச்சா என் ராசாவ?" பக்கத்தில் நின்ற பச்சைப் புடவைக்காரி வாரி எடுத்துக்கொண்டாள். யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் நம் கை சும்மா இருக்குமா? "நீ மூட்டையத் தூக்கும்மா. புள்ளைய நான் கொண்டாரேன்."

முன்னால் போனவளுக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. "நன்றி. உங்கள் பேரில் ஓர் ஆண் குழந்தை" என்றது.

பூரணிக்கு முன்னால் கதவு மூடிக்கொண்டது. "கொண்டுவந்த குழந்தையைத் திரும்ப வைத்துவிட்டீர்கள். கணக்கைச் சரிபார்க்கிறோம், சற்றுப் பொறுங்கள்."

பூரணி கதவைத் தள்ளிப் பார்த்தாள். மூட்டையைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் அறைந்தாள். "அக்கா! உள்ள வந்து அவனத் தட்டுல வெச்சிடுங்கக்கா!"

வெளியே நின்றவளும் திகைத்துத்தான் போயிருந்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் தோளில் சாய்ந்தது. அவள் பூரணியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் அதன் தலையை மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள்.