சீட் ஆடுது

"இதுக்குப் பேரு மாட்டுறதா? தொட்டாலே தொட்டில் மாதிரி ஆடுது!" காரின் பின் இருக்கையில் பெல்ட்டால் கட்டியிருந்த, குழந்தைகளுக்கான சீட்டைப் பிடித்து உலுக்கினாள் அவள்.

"இறுக்கித்தான் கட்டினேன்" என்றான் அவன்.

"கிழிச்சீங்க! அடியில என்ன மெத்தை?"

"பாப்பாவுக்கு மெத்துன்னு இருக்கட்டுமேன்னு..."

"மெத்தை அமுங்கினா பெல்ட் தொளதொளன்னு ஆயிடாதா? ஒரு பிரேக் போட்டா பிள்ளை என்ன ஆகும்? மண்டையில ஏதாவது இருக்கா உங்களுக்கு?"

அவன் மெத்தையை உருவினான். சீட்டின்மேல் முழங்காலை ஊன்றி, பெல்ட்டை மூச்சுப்பிடித்து இழுத்துப் பூட்டினான். அவள் இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் பலமாக ஆட்டினாள். இம்மிகூட அசையவில்லை. அதற்கும் அவளுக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப சரியா?"

அவள் மகளை உட்கார வைத்து வாரைப் பூட்டினாள். அவன் போய் வண்டியைக் கிளப்பினான். அவள் ஏறவில்லை.

"அம்மா, நீயும் வா!" என்றது குழந்தை.

"நீ மட்டும் அப்பா வீட்டுக்குப் போயிட்டு வாடி கண்ணு." கதவை ஓங்கிச் சாத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "கோர்ட்டு உங்களுக்கு ஒரு நாள்தான் குடுத்திருக்கு. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள பிள்ளை இங்க இருக்கணும்!"

கார் தெருமுனை திரும்பியது. பிள்ளையை அனுப்பாமல் இருக்க அவளுக்கு வேறு எந்தச் சாக்கும் கிடைக்கவில்லை.