கோரஸுக்கு எதுக்கு வெளிச்சம்?

"சார், ஒரே ஒரு பாட்டுக்கு எனக்க மேல லைட்டு அடிக்கச் சொல்லணும். முட்டம் எனக்க ஊராக்கும். அம்மை முன்வரிசையில வந்து இருப்பா. நான் மேடையில பாடி அவ பாத்ததே இல்ல."

திருவிழாக் கச்சேரிக்கு வந்திருந்த ராக் பாடகன் ஜெனோ, கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஆறு வருஷமாகத் தனக்குப் பின்னால் நின்று பாடுகிற ரெஜிஷாவின் பெயர்கூட அந்த மகராசனுக்கு நாக்கில் வராது.

"ஏட்டி கோரஸு, ஜனம் என்னப் பாக்க வருதா, உனக்க மூஞ்சியப் பாக்க வருதா? கறுப்பு உடுப்ப மாட்டிட்டு இருட்டுல நில்லு."

"சரி சார்" என்று அவள் போய்விட்டாள்.

மேடையில் ஜெனோ துள்ளினான், முடியைச் சிலுப்பினான், சட்டையைக் கிழித்தான். பின்னாலிருந்து கோரஸ் என்றைக்கும் இல்லாத கனத்தோடு எழுந்தது. ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. அத்தனையும் தனக்குத்தான் என்று குனிந்து குனிந்து வாங்கிக்கொண்டான்.

கச்சேரி முடிந்ததும், பின்னால் நின்றவளைத் திரும்பிப் பார்க்காமலே வேர்வையைத் துடைத்தபடி இளித்தான்.

"என்னட்டி, இருட்டுக்குள்ள உனக்க அம்மைக்கு மவள அடையாளம் தெரிஞ்சுதா?"

"அவளுக்க அம்மை நான்தான், மக்கா."

ஜெனோ அன்றைக்கு முதல்முறையாகத் திரும்பினான். கறுப்பு உடுப்பும் நரைத்த தலையுமாக ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரம்ஸ் செல்வன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"அவ வீட்டுல பாடிப் பாடி உனக்க பாட்டெல்லாம் எனக்கும் மனப்பாடம். அவ முன்வரிசையில இருக்கா. ஆறு வருஷத்துல நீ ஒரு வாட்டிகூடத் திரும்பிப் பாத்ததில்லன்னு சொன்னா. நான்தான் நம்பல."